பட்டியலில் இல்லாத நாட்டுக்கு முதல் பிறந்தநாள்

எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லையாம். எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடுகிறதாம். பழைய கவுண்டர்களை இடிக்கப் போகிறார்கள், இடிப்பதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். என்னிடம் வேலை பழகி இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஸ்வப்னா போன மாதம் கூப்பிட்டு, இளைஞர்களுக்கு ஊக்கம் தரும்படி என் அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரம் தவறாமை, அர்ப்பணிப்பு, கூட்டுமுயற்சி எல்லாம் அதில் இருக்கின்றன. நடந்தது மட்டும் இல்லை. அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். என் மேலதிகாரிகளில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது பெரிய வசதி.

ஹைதராபாத்துக்கு வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவர்களின் காகிதங்களைக் கவனித்த அலுவலகம் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம். அவர் மகள் பிலோமினா, அதாவது நான், டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றேன். நடுவில் முப்பத்தாறு வருடம். பயிற்சி என்று மூன்று மாதம் வைத்திருந்தார்கள். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தேதி முத்திரை குத்த வேண்டும், பிறகு அதில் குறை தேட வேண்டும், குறை அகப்படாவிட்டால் மறுபடியும் தேட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். கடைசி நாள் வரை அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றெட்டுக்கு முன்னால் எங்கள் கவுண்டரில் ஈ ஓட்டினோம். அதன்பிறகு ஊர் மென்பொருள் ஊரானது. அமீர்பேட்டில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் வகுப்பு. சூடான், ஏமன், சோமாலியா என்று அட்லஸில் மட்டும் பார்த்திருந்த இடங்களிலிருந்து பிள்ளைகள் வந்து ஹப்சிகுடாவிலும் தார்நாகாவிலும் அறை எடுத்துத் தங்கினார்கள். ஒவ்வொருவரும் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும், வருடாவருடம் நீட்டிக்க வேண்டும், ஊருக்குப் போய் வர அனுமதி கேட்க வேண்டும். நாலு பேர் கூடி விழா நடத்தினாலும் எங்களிடம் ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்கினால்தான் காவல் நிலையத்தில் பேசவே முடியும்.

எங்களுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுத்த ஊர் இது. எங்களுடைய மென்பொருள் மட்டும் டெல்லியிலிருந்து வந்தது. அதில் நாடுகளின் பட்டியல் ஒன்று. மாணவனின் நாட்டை அந்தப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பட்டியலின் அடியில் 'இதர' என்றும் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் திரை உறைந்துவிடும், மின்சாரத்தை நிறுத்திப் போட வேண்டும்.

என் மேலதிகாரி சேஷகிரி ராவ். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவர் எதையும் செய்ததே இல்லை. காலை பதினோரு மணிக்கு வருவார், கண்ணாடியைத் துடைப்பார், ஒரு பென்சிலைச் சீவுவார். கோப்பில் பேனாவால் எழுத மாட்டார். நான் அனுப்பும் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதித் திருப்புவார். பேசப் போனால், "எழுதி வையம்மா" என்பார். எழுதி வைத்தால் மறுபடி 'பேசவும்'. இப்படி ஒரு கோப்பு ஏழு தடவை போய் வந்தது எனக்குத் தெரியும். அதற்குள் அந்த மாணவன் படிப்பை முடித்து, ஊருக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டான்.

ஒருமுறை தாய் இறந்துவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்த ஏமன் நாட்டுப் பையனுக்கு, 'அனுமதிக்கலாம்' என்று பென்சிலால் எழுதினார். அதை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கோப்பை எடுத்துப் பார்த்தால் பென்சில் எழுத்து இருந்த இடம் வெள்ளையாக, கொஞ்சம் மழமழப்பாக இருந்தது. மெமோ எனக்கு வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "இனி ஜாக்கிரதையாக இரும்மா" என்று ஆறுதலும் சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் கடுப்புதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் கடைசியில் மஜோக் வந்தான். கதவில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். ஹப்சிகுடா பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம். மூன்று வருடமாக என் கவுண்டருக்கு வருபவன். அவன் பேசுவது அமீர்பேட் விடுதிகளில் கற்ற ஹைதராபாத் ஹிந்தி. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. மற்றதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"மேடம், ஜூலை ஒன்பதாம் தேதி எங்கள் நாட்டுக்கு ஒரு வயது. ஃபங்ஷன் ஹாலில் கொண்டாட வேண்டும். அனுமதி கொடுங்கள்" என்று விண்ணப்பத்தை நீட்டினான்.

தெற்கு சூடான். சூடானிலிருந்து பிரிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மஜோக் வந்தபோது சூடான் பாஸ்போர்ட்டில் வந்தான். அதன்பிறகு அவன் ஊர் வேறு நாடாகிவிட்டது. எங்கள் பட்டியலுக்கு மட்டும் அந்தச் செய்தி வரவில்லை.

விண்ணப்பத்தை சேஷகிரியிடம் கொண்டுபோனேன். 'பேசவும்' என்று எழுதவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"பிரிந்த முதலாம் ஆண்டு நிறைவு என்று எழுதியிருக்கிறானே. இந்த ஊரில், இந்த நேரத்தில், பிரிவினையைக் கொண்டாடுவதா?"

தெலங்கானா போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். வாரம் ஒரு பந்த், நாளுக்கு ஒரு ஊர்வலம். 'தனி' என்ற சொல் தாங்கிய எந்தக் காகிதமும் அதிகாரிகளுக்கு வெடிகுண்டு மாதிரி.

"சார், இது ஆப்பிரிக்காவில் பிரிந்தது."

"கான்ஸ்டபிளுக்கு அது தெரியுமா? போகட்டும், வடக்கு சூடான் பையன்களும் அதே தெருவில்தானே இருக்கிறார்கள்? அடிதடி நடந்தால்?" பென்சிலைக் கீழே வைத்தார். "அதைவிட முக்கியம், இவன் நம்மிடம் பதிவு செய்திருப்பது சூடான்காரன் என்று. இப்போது சூடான்காரன் இல்லை என்று அவனே எழுதிக் கொடுக்கிறான். அப்படியானால் அவன் பாஸ்போர்ட் யாருடையது? டெல்லிக்கு எழுதிக் கேட்போம். பதில் வரும்வரை நீட்டிப்பு கிடையாது."

அவனுடைய அனுமதி ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது. ஆகஸ்டில் கடைசித் தேர்வு. டெல்லியிலிருந்து பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

வெளியே வந்து மஜோக்கிடம் உள்ளதைச் சொன்னேன். "விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள். பேசாமல் தேர்வு எழுது. கொண்டாட்டத்தை ஊரில் போய் வைத்துக்கொள்."

"நக்கோ மேடம்." கோபமே இல்லாமல் சொன்னான். "பிரியலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தபோது ஊரில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா விரல் ரேகை வைத்தாள். நான் அமீர்பேட்டில் ஜாவா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். கொடி ஏற்றிய அன்று இங்கே இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன், நடுவில் கரண்ட் போய்விட்டது. இந்த ஒரு தடவையாவது நான் இருக்க வேண்டும்."

நான் விண்ணப்பத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை, ஆகவே அது இன்னும் வரவில்லை.

எங்கள் அட்டெண்டர் ஆறுமுகமும் லாலாகுடா ரயில்வே காலனிப் பிள்ளைதான், என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஏன் என்பதற்கு அவர் வாயில் வருவதும் ஹைதராபாத் ஹிந்தியின் 'கைக்கு'தான். டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"கைக்கு அக்கா இவ்ளோ டென்ஷன்? ஒரு வயசுதானே ஆவுது? ஃபர்ஸ்ட் பர்த்டேன்னு போட்டுட்டுப் போ."

"யாருக்கு ஆறுமுகம்?"

"அந்த ஃபாரத்துல குழந்தை பேரு கேக்குதா என்ன?"

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. 'நிகழ்ச்சியின் வகை: திருமணம், பெயர் சூட்டுதல், பிறந்தநாள், இதர.' அதன் கீழே 'வயது'. முதல் மூன்றும் வீட்டு விசேஷங்கள், சூப்பரிண்டெண்டே கையெழுத்திடலாம். 'இதர' மட்டும்தான் சேஷகிரியின் பென்சிலுக்குப் போக வேண்டும். மஜோக்கிடம் புதுப் படிவம் எழுதி வாங்கினேன். வகை: பிறந்தநாள். வயது: ஒன்று. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியபோது, அழிக்கப்பட்ட அந்தப் பென்சில் எழுத்தை நினைத்துக்கொண்டு கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

ஹைதராபாத்தில் முதல் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஹால்காரர் எங்களைக் கேட்காமலேயே வாசலில் கரடி பொம்மை போட்ட பலகை வைத்து, பலூன் வளைவும் கட்டிவிட்டார். உள்ளே கறுப்பு, சிவப்பு, பச்சைப் பட்டைகளும் நீல முக்கோணத்தில் மஞ்சள் நட்சத்திரமுமாக அவர்கள் கொடி. நீளக் கால்களை மடக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது நாற்பது பிள்ளைகள். நானும் ஆறுமுகமும் அரைநாள் விடுப்பில் போயிருந்தோம்.

மூன்று மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரு ஹெட் கான்ஸ்டபிள் சரிபார்க்க வந்தார். சான்றிதழைப் படித்தார். மேடையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"பாப எக்கட?" குழந்தை எங்கே என்று கேட்கிறார்.

மஜோக்தான் முன்னால் வந்தான். "ஊரில் இருக்கிறது சார்."

"சொந்தப் பிறந்தநாளுக்குக் குழந்தை வரவில்லையா?"

ஆறுமுகம் தெலுங்கில் குறுக்கே புகுந்தார். "ரொம்பச் சின்னது சார், விமானத்தில் தாங்காது. பிறந்ததே பெரிய கஷ்டத்துக்கு நடுவில்."

ஹெட் கான்ஸ்டபிளின் முகம் இளகியது. "எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஏழு மாதத்தில் பிறந்தான்" என்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு, எந்தத் திசை என்று தெரியாமல் பொதுவாகக் கை உயர்த்தி, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்தார். அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தெலுங்கு புரியவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு தேசிய கீதம். பாதிப் பேருக்கு வரிகள் தெரியவில்லை, நாடே புதிதல்லவா, கைபேசியைப் பார்த்துப் பாடினார்கள். அப்போதுதான் பலூன் வளைவுக்கு வெளியே ஹாஷிமைப் பார்த்தேன். கார்ட்டூம்காரன், வடக்கு. மஜோக்கின் அறைத்தோழன், முனைவர் படிப்புக்கு வந்தவன், அவனும் என் கவுண்டர்தான். சேஷகிரி பயந்த அடிதடி இதோ வாசலில் நிற்கிறது என்று நினைத்தேன். அதன் கையில் பெரிய அலுமினியப் பாத்திரம் இருந்தது. கீதம் முடியும்வரை வெயிலில் அதைச் சுமந்துகொண்டு ஆடாமல் நின்றான். முடிந்ததும் மஜோக் வெளியே போனான், நானும் பின்னால் போனேன்.

"ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்டான் மஜோக்.

"உங்கள் பாட்டு நடந்துகொண்டிருந்தது." ஹாஷிமின் முகம் வியர்வையா வேறா என்று தெரியாமல் நனைந்திருந்தது. "நீ பிரிந்து போனதற்கு என்னால் கைதட்ட முடியாது மஜோக். பட்டாணி வேகவைத்துக் கொண்டுவந்தேன். அதுதான் முடியும்."

மஜோக் பாத்திரத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக உள்ளே தூக்கிப் போனார்கள். அன்று ஹப்சிகுடாவில் பதிவான சட்டம் ஒழுங்குச் சம்பவம் இதுதான்.

மறுநாள் ஓர் ஆங்கில நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. கொடிக்குக் கீழே கேக் தின்னும் ஹெட் கான்ஸ்டபிள். சேஷகிரி பத்து மணிக்கே அலுவலகத்துக்கு வந்தார். அது மட்டுமே எங்களைக் கலங்கடிக்கப் போதுமானதாக இருந்தது.

"ஒரு நாட்டைக் குழந்தை என்று காட்டியிருக்கிறாய்!"

"குழந்தை என்று எங்கும் எழுதவில்லை சார். வயது ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அது சரிதானே?"

மெமோ வந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அத்தோடு போயிற்று. அது பரவாயில்லை. மஜோக்கைப் பற்றி உடனே டெல்லிக்குக் கேள்வி அனுப்பச் சொன்னார், வாழ்க்கையில் முதல்முறையாகப் பேனாவால் எழுதி.

உத்தரவு உத்தரவுதான். கம்ப்யூட்டரைத் திறந்தேன். கேள்வியை அனுப்ப முதலில் மாணவனின் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்கு சூடான் பட்டியலில் இல்லை. 'இதர' போட்டேன், திரை உறைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி உறைந்தது. சேஷகிரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்படியானால் சூடான் என்றே போடு."

"போடலாம் சார். ஆனால் சூடான் நாட்டு மாணவன், செல்லுபடியாகும் சூடான் பாஸ்போர்ட்டில் இருக்கிறான் என்றால், நாம் டெல்லியை என்ன கேட்பது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். தன் வாழ்நாள் முழுதும் பிறருக்குச் செய்ததை ஓர் இயந்திரம் தனக்குச் செய்வதை அவர் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நீட்டிப்பை எழுதி வைத்தேன். ஆறு மாதம், மஜோக், சூடான்.

அவனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நாட்டின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான். "மேடம், இது பொய்தானே?"

"ஹவ். பரீட்சை முடியும்வரை."

பேனாவை வாங்கினான். எழுதப் போய் நிறுத்தினான். ஹாலில் நிமிர்ந்து பாடியவனை ஒன்பது நாளில் அந்த வரிக்குக் குனியவைத்தது நான்தான். அதற்கு மேல் என்னால் எதுவும் முடியவும் இல்லை. போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னான். அந்த நன்றி என்னை உறுத்தியது.

தேர்வில் தேறினான். சில மாதங்களில் ஊருக்குப் போனான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது, தலைமைக் குமாஸ்தா எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்கிறார், உங்கள் அலுவலக ஞாபகம் வருகிறது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று டிசம்பரில் அந்த நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. தலைநகரில் வீடு வீடாகப் புகுந்து சுடுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். மஜோக்குக்கு எழுதினேன். பதில் இல்லை. டெல்லியிலிருந்து மட்டும் சுற்றறிக்கை வந்தது: தெற்கு சூடான் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது, இனி தேர்வு செய்யலாம். சேஷகிரி அதைச் சுற்றுக்கு விட்டார். எல்லாரும் பார்த்ததாகக் கையெழுத்திட்டோம்.

அந்த மாதத்தின் கடைசி நாள்தான் என் பணியின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குச் சால்வையும் மைசூர்பாகும். மூன்று மணிக்கு ஹாஷிம் கவுண்டருக்கு வந்தான். தூங்கியவனைப் போல் இல்லை. வெளியே போய்த் திரும்பி வருவதற்கான படிவத்தை நீட்டினான்.

"போன் எடுக்கிறானா?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். அவன் தெருவில் இருந்தவன் ஒருவன் எடுத்தான். மஜோக்குக்குக் காலில் அடி, தெற்கே எங்கேயோ நடந்து போனான் என்றான். அதற்கப்புறம் அந்தப் போனும் இல்லை."

படிவத்தைப் படித்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சகோதரனைத் தேட' என்று எழுதியிருந்தான். இரத்த உறவா என்ற கேள்விக்கு 'ஆம்'. போர் நடக்கும் நாட்டுக்குப் போகும் கோப்பு கட்டாயம் சேஷகிரியிடம் போக வேண்டும். போனால் 'பேசவும்'.

"ஹாஷிம், அங்கே உன்னை வடக்கத்தியான் என்று..."

"தெரியும் மேடம்."

கையெழுத்துப் போட்டேன். அறுபது நாள். முத்திரை குத்தி, நானே பதிவேட்டில் ஏற்றி, காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, என் பணி அப்பழுக்கற்றது என்று சேஷகிரி பேசினார்.

ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று. மார்ச்சில் ஒரு நாள் ஸ்வப்னா வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவுடன் குரலைத் தாழ்த்தினாள். ஹாஷிம் திரும்பி வந்துவிட்டான், ஆனால் ஒன்பது நாள் தாமதம். தாமதத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டோம், ஒரே வரி எழுதிக் கொடுத்திருக்கிறான், எனக்குப் புரியவில்லை என்றாள்.

"படி."

ஆங்கிலத்தில் படித்தாள். "எல்லை வரை சகோதரனால் வேகமாக நடக்க முடியவில்லை."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். ஸ்வப்னா படித்தாள்.

"இதை என்ன செய்யட்டும்? சாரிடம் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "விளக்கம் திருப்தியாக இருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடு. பேனாவால் எழுது."